படுதாவுக்கும் ஒரு பாய் வேண்டும்

சென்ற திங்களில் நம் சங்கக் கூட்டம் முடிந்து பேருந்துக்காக நின்றிருந்த வேளையில், அன்பர் இருவர் நம்மை அணுகி, “வீட்டின் பின்புறத்திலே குளம் வெட்டி மீன் வளர்க்கிறீர்களாமே! முதற்குளம் ஒரே இரவில் வற்றிப்போயிற்று என்றும் கேள்விப்பட்டோம். நாங்களும் ஒன்று வெட்ட எண்ணியிருக்கிறோம். நடந்ததை ஒளிக்காமற் சொல்லுங்கள்” என்று வேண்டினர். நின்ற இடத்திலே சொல்லி முடிக்கக்கூடிய செய்தியன்று அது. மேலும், இருவருக்குச் சொல்வதைச் சங்கத்து இல்லங்கள் யாவற்றுக்கும் சொல்லிவிட்டால், நாம் இழந்ததைப் பிறர் இழவாமல் இருக்கலாம். அந்த எண்ணத்தினால் எழுந்ததே இக்கட்டுரை.

நாம் இருப்புப்பாதை அலுவலகத்திலே எழுத்தர் வேலை பார்ப்பவர். குளம் வெட்டுவதிலே பட்டம் பெற்றவரல்லர். பட்டறிவு ஒன்றே நமக்குள்ள தகுதி.

ஊரும் நிலமும்

வெள்ளறடை என்னும் ஊரை அறியாத அன்பர்களுக்காக இரண்டு சொற்கள். நெய்யாற்றின்கரை வட்டத்தின் கிழக்கு ஓரத்திலே, கூனிச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த எல்லைப்புறச் சிற்றூர் அது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, விளவங்கோடு வட்டம் தமிழகத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலே நின்றது. ஆயினும் மலைக்கும் மழைக்கும் எல்லைக்கோடு தெரியாதன்றோ? அங்கே பெய்வது இங்கும் பெய்கிறது. இங்கே காய்வது அங்கும் காய்கிறது. 1979-இல் திருவனந்தபுரத்துக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே இருப்புப்பாதை திறந்தபின், எம்மைப் போன்றோர் பாறசாலை நிலையத்திலே வண்டியேறி அலுவலகம் சென்று மாலையிலே திரும்புவது எளிதாயிற்று. நெல்லைச் சீமையிலிருந்து பிழைப்பு நாடி வந்த நாம், இந்த ஊரிலே எட்டு சென்ட் நிலம் வாங்கி வீடு கட்டிக் குடியேறியதற்கு அதுவே காரணம்.

இங்குள்ள மண் செம்மண். ஒரு முழம் தோண்டினால் சரளை. அதன் கீழே வெட்டுக்கல். எங்கு நோக்கினும் ரப்பர் மரங்கள். இடவப்பாதி, துலாவர்ஷம் என்று இங்கே வழங்கும் இரு பருவமழைகளும் பெய்கின்றன. அவ்வாறிருந்தும், மாசி பங்குனியில் மேட்டு நிலத்துக் கிணறுகள் அடி தெரிய வற்றுகின்றன. சரளை மண் மழைநீரை உடனே விழுங்கிவிடும், தேக்கி வைக்காது. ஆகவே இங்கே வெறுங்குழி வெட்டினால் அது குளமாகாது. அடியிலே ஏதேனும் ஒன்றைப் பரப்பித்தான் நீரை நிறுத்தவேண்டும்.

முன்னோர் களிமண்ணைக் குழைத்து, மாடுகளை விட்டு மிதிக்கச் செய்து, அடித்தளத்தை இறுக்கினர். இங்கிலாந்திலும் மேட்டு நிலத்து மேய்ச்சற்குளங்களுக்குக் களிமண்ணே அடித்தளம். மண்புழு துளைக்காதபடி அதனோடு சுண்ணாம்பும் இட்டனர் என்பர். நம் நாளிலே களிமண்ணின் இடத்தைப் படுதா பிடித்துக்கொண்டது. தார்ப்பாய் என்று நாம் சொல்வதையே மலையாள அன்பர்கள் படுதா என்கின்றனர். 2020-ஆம் ஆண்டிலே கேரள அரசு ‘சுபிட்ச கேரளம்’ என்னும் திட்டத்தைத் தொடங்கியபின், வீட்டுவளப்பிலே படுதாக்குளம் அமைத்து மீன் வளர்ப்போர் ஊருக்கு ஊர் பெருகினர். மகாராட்டிரத்தின் நாசிக் பகுதியிலே திராட்சைத் தோட்டக்காரர்கள் இவ்வாறே பெருங்குட்டைகளை வெட்டிப் படுதா விரித்து, கோடைக்கு நீரைச் சேமிக்கின்றனர்.

முதற்குளத்தின் கதை

நம் இல்லத்தரசி மாதச் சிட்டியிலே சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அது. வீட்டுக்கு ஒரு சமையற்கட்டு நீட்டிக் கட்டுவதற்கென்று வைத்திருந்தது. “சமையற்கட்டு அடுத்த ஆண்டு ஆகட்டும், குளம் வெட்டினால் மீனுமாயிற்று, கோடையிலே வாழைக்கும் கீரைக்கும் நீருமாயிற்று” என்று நாம்தான் வற்புறுத்தினோம். அவர் மறுக்கவில்லை.

இருபதடி நீளம், பன்னிரண்டடி அகலம், நான்கடி ஆழம். இரண்டு ஆட்கள் மூன்று நாளிலே குழி வெட்டினர். கண்ணுக்குத் தெரிந்த கற்களைப் பொறுக்கினோம். படுதாவை வாங்கி வந்து, செருப்புக் காலோடு குழியிலிறங்கி, இழுத்து இழுத்துச் சுருக்கமின்றி விரித்தோம். கரையிலே காற்றுக்குப் பறவாதிருக்க வெட்டுக்கற்களை அடுக்கினோம். நீர் நிரப்பி ஒரு கிழமை கழித்து 300 மீன்குஞ்சுகளை விட்டோம். அயலார் வந்து பார்த்துப் பாராட்டினர். நமக்கும் உள்ளூரப் பெருமைதான்.

பதினோராம் நாள் விடியலிலே நம் மகள் ஓடிவந்து, “அப்பா, குளத்திலே தண்ணீர் இல்லை, மீனெல்லாம் துள்ளுகிறது” என்றாள். சென்று பார்த்தபோது முழங்கால் அளவு நீரே எஞ்சியிருந்தது. நாம் வண்டிக்குப் போகவேண்டிய நேரம். இல்லத்தரசியும் நம் தாயாரும் அண்டாவிலும் வாளியிலும் அள்ளிக் காத்தவை போக, மற்றவை மாலைக்குள் மாண்டன. அன்றிரவு நாம் வீடு திரும்பியபோது, அவர் அதைப்பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. உணவை எடுத்து வைத்துவிட்டு, வெறுங்குழியைப் பார்த்தபடி திண்ணையிலே அமர்ந்திருந்தார். அவர் ஏசியிருந்தால் நமக்கு எளிதாக இருந்திருக்கும்.

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, ஊரிலே கிணறு வெட்டும் முதியவர் ஒருவரை அழைத்துவந்தோம். எழுபதைக் கடந்தவர். ஊரார் யாவருக்கும் அவர் பாட்டா. படுதாவைத் தூக்கிச் சூரியனுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். மூன்று இடங்களிலே ஒளி தெரிந்தது.

“பாட்டா, கடைக்காரன் மோசமான படுதாவைத் தந்துவிட்டானோ?” என்றோம்.

“படுதாவிலே குற்றமில்லை, மக்களே. கல்லின்மேல் நீ படுப்பாயா? பாயில்லாமல் அதைக் கல்லிலே படுக்கவைத்து, அதன் நெஞ்சிலே இத்தனை தண்ணீரை ஏற்றிவிட்டாயே!” என்றார் அவர்.

நமக்கு நாணமாக இருந்தது. பத்தாம் வகுப்பிலே படித்த கணக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஒரு கன அடி நீரின் எடை 28 கிலோவுக்குச் சற்று மேல். நான்கடி ஆழத்திலே, அடித்தளத்தின் ஒவ்வொரு சதுர அடியின்மேலும் ஏறத்தாழ 113 கிலோ எடை அமர்கிறது. இரண்டு ஆள் ஏறி நிற்பதற்கு ஒப்பாகும். அவ்வளவு எடையும் ஒரு சரளைக்கல்லின் கூர்முனைமீது படுதாவை அழுத்துமாயின், எத்துணைத் தடித்த படுதாவும் நாளடைவிலே துளைபடும். கல் படுதாவைத் தேடிவந்து குத்துவதில்லை. நீர்தான் படுதாவைக் கல்லின்மேல் குத்துகிறது.

மூன்று துளைகளுக்கும் மூன்று காரணங்கள் இருந்தன. அடித்தளத்திலிருந்தது சரளைக்கல்லால் வந்தது. பக்கச் சுவரிலிருந்தது, மண்வெட்டியால் சாய்வாக வெட்டி விட்ட ரப்பர் வேரின் முனையால் வந்தது. கரையருகே இருந்தது, நாம் மேலே வைத்த வெட்டுக்கல்லின் விளிம்பால் வந்தது. கீழும் பக்கமும் மேலுமாக மூன்று திசையிலிருந்தும் படுதாவுக்குக் கேடு உண்டு என்பதை அந்த மூன்று துளைகளும் நமக்கு உணர்த்தின.

புதுப் படுதா வாங்க நம்மிடம் பொருளில்லை. நெய்யாற்றின்கரையிலே சரக்குந்துத் தார்ப்பாய்களுக்கு ஒட்டுப்போடும் ஒருவரிடம் கொண்டுசென்றோம். துளையைச் சுற்றி நன்கு துடைத்து உலரவைத்து, அதே வகைப் படுதாவிலே துளையைவிட நாற்புறமும் நான்கு அங்குலம் மிகுந்த துண்டை வெட்டி, வெப்பக்காற்றால் இளக்கி ஒட்டித் தந்தார். துண்டின் மூலைகளை அவர் வட்டமாக வெட்டியதைக் கண்டோம். கூர்மூலை எளிதில் உரிந்து எழும்புமாம். அந்த ஒட்டுப்போட்ட படுதாவே இன்று மூன்றாம் ஆண்டாக நீரைத் தாங்குகிறது. எவ்வாறு என்பதை இனிக் கூறுவோம்.

கீழிருந்து வரும் கேடு

முதலில் குழியின் வடிவம். செங்குத்தான சுவர் சரியும். சரிந்த மண்ணோடு படுதாவும் இழுபடும். ஆகவே இரண்டடி ஆழத்துக்கு ஓரடி வீதம் உள்நோக்கிச் சாய்வாகச் செதுக்கினோம். அதனால் அடித்தளம் 16 அடிக்கு 8 அடியாகச் சுருங்கியது. கொள்ளளவு ஏறத்தாழ 20,000 லிட்டர். சிறிது நீர் குறைந்தாலும் சுவர் நிலைத்தது.

இரண்டாவது, வேர்கள். மண்மட்டத்தோடு வெட்டினாற் போதாது. இரண்டு அங்குலம் உட்குடைந்து வெட்டி, அந்தப் பள்ளத்தை ஈரமண்ணால் அடைத்துத் தட்டிவிட வேண்டும். தென்னை, மூங்கில் இவற்றின் அருகே குளம் வெட்டாதிருப்பது நன்று. தென்னையின் அடியிலிருந்து குறைந்தது இரண்டு மீட்டராவது தள்ளி நிற்கவேண்டும்.

மூன்றாவது, கற்கள். கண்ணால் பொறுக்குவது போதாது. வெறும் உள்ளங்கையால் அடித்தளம் முழுவதையும் தடவிப் பார்க்கவேண்டும். கண்ணுக்குத் தப்பிய கல் கைக்குத் தப்பாது. இவ்வேலையை நம் தாயார் ஏற்றுக்கொண்டார். அரிசியிலே கல் பொறுக்கிப் பழகிய கையன்றோ! பிறகு நீர் தெளித்துத் திமிசால் இடித்து இறுக்கினோம்.

நான்காவது, மெத்தை. அடித்தளத்திலே இரண்டு அங்குல உயரத்துக்கு மென்மணல் பரப்பவேண்டும். ஆற்றுமணல் இந்நாளிலே கிட்டுவதரிது. பாறையை உடைத்துச் செய்யும் எம்-சாண்டின் மணிகள் கூரானவை; படுதாவின் அடியிலே அவற்றை இடுவது ஏற்றதன்று. நாம் குழியிலிருந்து எடுத்த செம்மண்ணையே கொசுவலைத் தகட்டிலே சலித்துப் பரப்பினோம். நம் குளத்துக்கு ஏறத்தாழ 21 கன அடி தேவைப்பட்டது. செலவு ஒன்றுமில்லை, உழைப்பு மட்டுமே.

சாய்வான சுவரிலே மணல் நிற்காது. அங்கேதான் துணிவிரிப்பு வேண்டியிருக்கிறது. கையிலே பொருளுள்ளோர் நெய்யாத செயற்கை இழைவிரிப்பை வாங்கலாம். சாலை, இருப்புப்பாதை வேலைகளிலே மண்ணுக்கும் சல்லிக்கும் இடையே விரிப்பார்களே, அந்தக் கம்பளி போன்ற விரிப்புத்தான். ஜியோடெக்ஸ்டைல் என்று கேட்டால் தருவர். நமக்கு அதற்கு வசதியில்லை. அக்கம்பக்கத்திலே வீடு கட்டுவோரிடம் வெற்றுச் சிமெண்டுச் சாக்குகளைக் கேட்டு வாங்கினோம். ஒரு சாக்கைப் பிரித்தால் மடிப்புப் போக ஏறத்தாழ ஏழு சதுர அடி கிட்டும். சுவரும் அடித்தளமும் கரையோரமும் சேர்த்து இரண்டு அடுக்குக்கு 130 சாக்குகள் ஆயின.

இங்கே ஓர் எச்சரிக்கை. சாக்கின் தையலிலே இறுகிய சிமெண்டுக் கட்டிகள் ஒட்டியிருக்கும். அவையும் கற்களே! ஒவ்வொன்றையும் உதறி, அலசி, உலர்த்தி, கையால் தடவிய பிறகே இல்லத்தரசியும் தாயாரும் கோணியூசியும் நைலான் நூலுங் கொண்டு ஒன்றோடொன்று தைத்தனர். மாலைதோறும் விளக்கொளியிலே பன்னிரண்டு நாள் நடந்தது அந்தத் தையல். நாமும் வண்டியிலிருந்து திரும்பியபின் ஊசி கோத்துக் கொடுத்தோம்.

சணற்சாக்கு, பருத்திப்பழந்துணி, பழைய செய்தித்தாள், அட்டைப்பெட்டி ஆகியவற்றை இடலாமா என்று சிலர் வினவுவர். வேண்டா. அவை மண்ணிலே மக்கிப்போகும். மெத்தை மறைந்து கல் வெளிப்படும். அன்றியும் அவை கறையானுக்கு விருந்து. கறையான் தன் உணவைத் தின்ற பிறகு படுதாவையும் கறித்துப் பார்க்கும். எலிவளை, பெருச்சாளி வளை இருப்பின் முன்னரே இடித்து மூடிவிட வேண்டும்.

படுதாவைத் தேர்தலும் விரித்தலும்

படுதாவின் தரத்தை அதன் எடையாற் கூறுகின்றனர். ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்பது கணக்கு. வெயில் மழைக்கு மேலே கட்டும் மெல்லிய தார்ப்பாய் குளத்துக்கு ஆகாது. 550 கிராம் அளவிலான பல அடுக்குப் படுதாவை இப்பகுதியினர் மிகுதியும் கையாளுகின்றனர். நீர்த்தேக்கங்களுக்குரிய பாலித்தீன் நெசவுப் படுதாவுக்கு ஐ.எஸ். 15351 என்னும் இந்தியத் தரக்குறியீடு உண்டு. வாங்கும்போது அதனைக் கேட்டுப் பார்க்கலாம். சூரிய ஒளியைத் தாங்கும்படி பக்குவம் செய்ததா என்பதையும் கேட்கவேண்டும். மேல்நாடுகளிலே ஈ.பி.டி.எம். என்னும் செயற்கை ரப்பர் விரிப்பைப் பெரிதும் விரும்புகின்றனர். நம் தோட்டத்து இயற்கை ரப்பர் வெயிலிலே வெடித்துப்போகும். அஃதோ பல்லாண்டு தாங்கும். விலைதான் நம் கைக்கு எட்டுவதில்லை.

அளவுக்குரிய கணக்கு எளிது. நீளத்தோடு ஆழத்தை இருமுறை கூட்டுக. கரைக்கு இருபுறமும் இரண்டிரண்டு அடி கூட்டுக. நம் குளத்துக்கு 20-உம் 8-உம் 4-உம் சேர்ந்து 32 அடி. அகலத்துக்கு 12-உம் 8-உம் 4-உம் சேர்ந்து 24 அடி. சாய்ந்த சுவருக்கு இது சற்று மிகும். மிகுதி நல்லதே, குறைவுதான் கேடு.

விரிக்கும் நாளை வெயில் நாளாகத் தேர்ந்துகொள்க. நடுப்பகலிலே சிறிதுநேரம் வெயிலில் வைத்தால் படுதா இளகி வளைந்துகொடுக்கும். தரையிலே இழுத்துச் செல்லாமல், நால்வர் ஆறுபேராகத் தூக்கிச் சென்று இறக்கவேண்டும். குழியில் இறங்குவோர் செருப்பு, கொலுசு, இடுப்புச் சாவிக்கொத்து யாவற்றையும் கழற்றிவிட வேண்டும்.

முதன்முறை நாம் செய்த பெரும்பிழை, படுதாவை முரசின் தோல்போல் இழுத்துக் கட்டியது. இழுபட்ட படுதா எளிதிற் கிழியும். தளர்வாக விடவேண்டும். மூலைகளிலே சிறுசிறு சுருக்கங்களாக விடாமல், புடைவைக் கொசுவம்போல் ஒரே பெரிய மடிப்பாக மடிக்கவேண்டும். நீரை ஒரேயடியாக நிரப்பலாகாது. ஓரடி நிரம்பியதும் நிறுத்தி, மடிப்புகளைச் சரிசெய்து, படுதா மண்ணோடு படிந்துவிட்டதா என்று பார்த்து, மீண்டும் ஓரடி நிரப்பவேண்டும். விளிம்பு நீரின் எடைக்கு ஏற்பத் தானாக உள்ளே நகரும். ஆகவே முழுதும் நிரம்பும்வரை கரையிலே எடை எதையும் ஏற்றலாகாது.

மேலிருந்து வரும் கேடு

நீர் நிரம்பிய பின், குழியின் விளிம்பிலிருந்து ஓரடி தள்ளி, ஓரடி ஆழத்துக்குச் சுற்றுவாய்க்கால் எடுத்து, படுதாவின் விளிம்பை அதனுள் மடித்து மண்ணிட்டு மூடினோம். கல்லின் தேவையே இல்லாமற் போயிற்று. அழகுக்காகக் கல் வைக்க விரும்புவோர், படுதாவுக்கும் கல்லுக்கும் இடையே பழைய படுதாத் துண்டை இரண்டாக மடித்து வைக்கவேண்டும்.

நீருக்கு மேலே தெரியும் விளிம்பே படுதாவிலே முதலில் நைந்துபோகும் இடம். வெயில் அதனைத் தின்கிறது. கரையிலே புல் பதித்தும், கீழாநெல்லி, வல்லாரை முதலியவற்றைப் படரவிட்டும் அதனை மறைத்தோம். சாக்குவிரிப்பின் ஓரமும் வெளியே தெரியலாகாது. வெயில்பட்ட சிமெண்டுச் சாக்கு சில மாதத்திலே பொடிப்பொடியாக உதிரும். அந்தப் பொடி மீனுக்கு நல்லதன்று.

நீரேற்றும் மோட்டாரை நேரே படுதாவின்மேல் வைக்காமல், தடித்த துண்டின்மேல் ஓடு வைத்து அதன்மேல் வைத்தோம். மீன் பிடிக்க இரும்புக் கம்பி வளையமிட்ட வலையைக் கையாளுவதில்லை. நாய் குளத்திலே விழுந்தால், ஏறத் துடிக்கையிலே நகத்தாற் கிழித்துவிடும். அதற்கும் வேலியே காவல்.

ரப்பர்த் தோட்டத்து அன்பர்களுக்கு மற்றொரு குறிப்பு. இடவப்பாதிக்கு முன்னர் இலையுதிர் நோயைத் தடுக்க மரங்களுக்குச் செம்பு கலந்த மருந்தைத் தெளிப்பர். செம்பு மீனுக்கு நஞ்சு. ரப்பர்ப்பாலை உறையவைக்கும் பார்மிக் அமிலம் கலந்த கழிவுநீரும் அவ்வாறே. தெளிக்கும் நாளிலே குளத்தை மூடிவைத்து, கழிவுநீர் வேறுபக்கம் ஓடுமாறு செய்துகொள்ளவேண்டும். மார்கழி தையிலே உதிரும் இலைகளும் குளத்திலே அழுகி நீரைக் கெடுக்கும். மேலே வலை கட்டினால் இலைக்கும் தடை, மீன்கொத்திக்கும் தடை.

நீரே நீருக்குப் பகை

இதனைப் பாட்டா சொல்லியிராவிட்டால் நாம் அறிந்திருக்கமாட்டோம். “மக்களே, மேலே உள்ள தண்ணீரை மட்டும் நினைக்கிறாய், மழைக்காலத்திலே கீழேயும் தண்ணீர் வரும்” என்றார். மலைச்சரிவிலே பெய்த மழை மண்ணுக்குள்ளே ஊறி இறங்கி, படுதாவின் அடியிலே சேர்ந்துவிடும். குளத்து நீர் குறைவாக இருப்பின், அந்த அடிநீர் படுதாவைத் திமிங்கிலத்தின் முதுகுபோல் மேலே தூக்கிவிடும். மடிப்புகள் குலையும், விளிம்பு பிடுங்கிக்கொள்ளும்.

இதற்கு மூன்று காப்புகள். முதலாவது, குளத்துக்கு மேற்புறச் சரிவிலே இரண்டடி ஆழ வடிகால் எடுத்து, மழைநீரைச் சுற்றிப் போகவிடுதல். இரண்டாவது, அடித்தளத்தின் கீழே துளையிட்ட குழாய் ஒன்றைச் சல்லியில் புதைத்து, சரிவின் கீழ்ப்புறம் வெளிவருமாறு அமைத்தல். அதன்மேல் மண்மெத்தை வருவதால் சல்லி படுதாவைத் தீண்டாது. மூன்றாவது, மழைக்காலத்திலே குளத்தை வெறுமையாக்காதிருத்தல். மழைநீர் கரைபுரளாதபடி மேல்மட்டத்திலே ஒரு போக்குக்குழாயும் வேண்டும்.

அடிமண்ணிலே இலைமக்கு மிகுந்திருந்தால், அது அழுகி வாயு உண்டாகி அங்கங்கே கொப்புளம்போல் படுதா எழும்புவதும் உண்டு. ஆகவே கறுத்த மேல்மண்ணை முழுவதும் அகற்றிவிட்டே மெத்தை பரப்பவேண்டும்.

ஒழுக்கை அறியும் வழி

நீர் குறைந்தாலே படுதா கிழிந்தது என்று அஞ்சவேண்டா; கோடையிலே ஆவியாகவும் போகும். ஒரு வாளியிலே நீர் நிரப்பி, குளத்து நீரிலே முக்கால் பங்கு அமிழுமாறு ஓடுகளின்மேல் நிறுத்துக. வாளியின் உள்ளும் வெளியும் நீர்மட்டத்தைக் குறித்து, இரண்டு நாள் கழித்துப் பார்க்க. இரண்டும் ஒரே அளவு குறைந்திருந்தால் அது வெயிலின் வேலை. குளத்து நீர் மட்டும் மிகக் குறைந்திருந்தால் எங்கோ துளை உண்டு. அப்போது நீரைத் தானே இறங்கவிட வேண்டும். எந்த மட்டத்திலே இறக்கம் நிற்கிறதோ, அந்த மட்டத்தைச் சுற்றித் தேடினால் துளை அகப்படும்.

எல்லாவற்றினும் பெரிய காப்பு

இதுவரை படுதாவைக் காப்பது பற்றியே பேசினோம். குளத்தினின்றும் நம் மக்களைக் காப்பது அதனினும் பெரிது. சென்ற ஆண்டு அயல்வீட்டு ஆட்டுக்குட்டி ஒன்று குளத்திலே விழுந்தது. பாசி படிந்த படுதா எண்ணெய் பூசிய பலகைபோல் வழுக்கும். குட்டி ஏற ஏறச் சறுக்கியது. அதனைத் தூக்க இறங்கிய நாமும் வழுக்கி விழுந்தோம். கரையேற மற்றொருவர் கைகொடுக்க வேண்டியிருந்தது. அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. நம் மகளுக்கு அப்போது ஆறு வயது.

மறுநாளே நான்கடி உயரத்திலே வேலி அடைத்து, உட்புறம் தாழிடும் படல் வைத்தோம். கரையிலிருந்து நீருக்குள் நான்கு இடங்களிலே முடிச்சிட்ட தடித்த கயிறுகளைத் தொங்கவிட்டோம். விழுந்தவர் பற்றி ஏற அது உதவும். வேலி அடைக்கும்வரை குளத்திலே நீர் நிரப்பாதீர்கள் என்று சங்கத்துத் தாய்மார்களையும் தந்தைமார்களையும் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறோம். நாம் அந்த வரிசையை மாற்றிச் செய்தோம். நற்பேற்றினால் ஆட்டுக்குட்டியோடு போயிற்று.

முடிவாக

படுதாக்குளத்துக்கு உதவித்தொகை உண்டா என்று அறிய விரும்புவோர், கேரளத்திலே தம் பகுதி மத்ஸ்யபவன் அலுவலகத்தையோ, ஊராட்சி அலுவலகத்தையோ நேரிற் கேட்கலாம். திலாப்பியாவில் கிஃப்ட் என்னும் இனத்தை வளர்க்க அனுமதி வேண்டும் என்பதையும் நினைவிற் கொள்க.

இரண்டாம் குளத்தின் முதல் அறுவடையிலே கிட்டிய மீனிலே முதற்பங்கு பாட்டாவின் வீட்டுக்குப் போயிற்று. வாங்க மறுத்தவரை, “பாய் விரிக்கச் சொன்ன கூலி” என்று சொல்லி இசையவைத்தோம். விற்றுவந்த பணத்தை இல்லத்தரசியிடமே கொடுத்தோம். அவர் அதைச் சமையற்கட்டுக்கென்று எடுத்துவைத்தார். அது இன்னும் கட்டி முடியவில்லை, சுவர் எழும்பியிருக்கிறது.

அந்தச் சுவருக்கு வந்த சிமெண்டுச் சாக்குகளை அவர் எறியவில்லை. உதறி, அலசி, உலர்த்தி, அடுக்கி வைத்திருக்கிறார். குளம் வெட்ட எண்ணும் சங்கத்து இல்லத்தார் வெள்ளறடைப் பக்கம் வந்தால் எடுத்துச் செல்லலாம். கோணியூசியும் தருவார், தைக்கும் முறையையும் சொல்லித் தருவார்.